ஜன்னலோரக் கட்டிலின் தாகம்

“தாத்தா தண்ணி குடிக்கிறப்ப மட்டும் ஏம்மா அழறாரு?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்து இன்னும் முளைத்திருக்கவில்லை. காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போன தாத்தாவுக்கு அம்மா அப்போதுதான் தண்ணீர் கொடுத்து முடித்திருந்தாள். வழக்கம்போல இருமல். வழக்கம்போல முகம் சிவந்து, கண்ணில் நீர்.

“அழலடி. புரையேறுது.”

“எனக்குப் புரையேறினா யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்வியே. தாத்தாவை மட்டும் யாரு இவ்வளவு நினைக்கிறாங்க?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாத்தாவும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் தெரியாமல் நின்ற அந்த அம்மாதான், காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயதில், நர்சிங் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் புது டீச்சர் என்று எண்ணிப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் ‘மேடம்’. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மாமனாரை நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் போதும், எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று இருந்துவிட்டாள்.

பக்கவாத வார்டில் பயிற்சி கடைசி வருடத்தில்தான். அதற்காகவே காத்திருந்தாள். “அந்த வார்டுக்கு மட்டும் போயிட்டு வந்துடறேன் மாமா, அப்புறம் பாருங்க” என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

வார்டு வந்தது. மாமனார் இல்லை. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, அதோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. சூடான காபி நாக்கைச் சுட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க எதைத் தின்றாலும் அட்டையைத் தின்கிற மாதிரி இருக்குமே, அப்படி. வார்டுக்குப் போனாள், வந்தாள். சொன்னதைச் செய்தாள். சொல்லாதபோது சுவரில் சாய்ந்து நின்றாள்.

நேற்று ட்யூட்டர் சார் அதைப் பார்த்துவிட்டார். “நாளைக்கு ஒரு நாள் பார்க்கிறேன். அப்புறமும் சுவரைத் தாங்கிக்கிட்டே நின்னீங்கன்னா, இந்த வார்டை மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மறுபடியும் எதற்கு? படிப்பை விட்டுவிடலாம். இன்று ராத்திரி கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்தபோது துக்கமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

---

காலையில் கணவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டிலும் அந்த பாஷைதான்.

“இன்னிக்கும் அதே வார்டா?”

“ம்.”

“உன்னைப் பார்த்தா ஹாண்ட் பிரேக்கை எடுக்காம வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு.”

அவள் டிபன் டப்பாவை மூடினாள்.

“புகை வருதும்மா” என்றார் அவர், மெதுவாக.

“ராத்திரி உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“இப்பவே சொல்லேன்.”

“ராத்திரி.”

கிளம்பும்போது அவர் அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

மகள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். பள்ளியின் கடைசி வகுப்பு. முன்பெல்லாம் வாய் ஓயாது. இப்போது கேட்டால் பதில், அதுவும் பாதி. சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு, சமையலறைப் பின்வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். முன்வாசல் வழியாகப் போனால் தாத்தாவின் அறையைக் கடந்து போக வேண்டும். அந்த அறைக் கதவு பூட்டியில்லை, சும்மாதான் சாத்தியிருக்கிறது. ஆனாலும் தாத்தா போனதிலிருந்து அவள் அந்தப் பக்கம் வருவதில்லை.

காய்ச்சல் தொடங்கிய அன்று மத்தியானம் தாத்தாவோடு வீட்டில் இருந்தவள் அவள்தான். அம்மா கல்லூரியில். அப்பா வண்டியில். “தாத்தா தண்ணி வேணும்னு கையைக் காட்டினாரு, குடுத்தேன்” என்று அன்று சாயங்காலம் சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குக் கேட்கத் தோன்றவுமில்லை.

---

ஆஸ்பத்திரியில் மாணவிகள் உடை மாற்றும் அறை ஒரு அலமாரி அகலம். முழங்கை இடிக்காமல் பொத்தான் போட முடியாது.

“மேடம், முதுகுல கொக்கி மாட்டி விடுங்க” என்று திரும்பி நின்றாள் வாயாடி. பேட்சிலேயே சின்னப் பெண். இத்தனை நாளும் அவள்தான் மேடத்தின் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்து வந்தாள். படுக்கை விரிப்பு மாற்றுவதானாலும், காய்ச்சல் பார்ப்பதானாலும், கேட்காமலே வந்து நின்றுகொள்வாள். அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

“ட்யூட்டர் சார் நேத்து எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டாரே. எதுக்குப் படிக்க வந்தீங்கன்னு. நீங்க மட்டும் பதிலே சொல்லல.”

“நீ என்ன சொன்னே?”

“உண்மையைத்தான். யூனிஃபார்ம் போட்டா பஸ்ல யாராவது எழுந்து இடம் குடுப்பாங்கன்னு. இதுவரைக்கும் ஒருத்தரும் குடுக்கல. கோர்ஸ் முடிஞ்சாலாவது குடுப்பாங்கன்னு பாக்கறேன்.”

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். அவள் வந்தது வெளிநாட்டு வேலைக்காக. இன்னொருத்தியை அவள் அப்பா இந்தப் படிப்பில் தள்ளிவிட்டார். கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும், “எனக்கு ரத்தம்னா பயம். அந்த பயம் போகணும்னு வந்தேன்” என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மேடம் கொக்கியை மாட்டிவிட்டாள்.

வார்டு சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். சிஸ்டரின் நடை வேகம், பேச்சு அதைவிட வேகம்.

“நீங்க ஜன்னலோரக் கட்டில். வாய் வழியா ஒரு சொட்டு கிடையாது. மூக்குல குழாய் போகுது, சாப்பாடு அதுல. விழுங்கற தெரபிஸ்ட் மத்தியானம் வந்து பார்த்த பிறகுதான் மத்ததெல்லாம். பக்கத்துலயே இருங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சிஸ்டர்.”

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவரை வார்டில் எல்லோரும் எலக்ட்ரீஷியன் என்றே சொன்னார்கள். பேச்சு போய்விட்டது. வலது கை, வலது கால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலைக்கு மேலே கடகடவென்று ஆடும் ஃபேனை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை. வந்த நாளிலிருந்து இடது கையால் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார்.

“வீட்டுல ஒரு பல்பு மாத்தமாட்டாரு” என்றாள் அருகில் ஸ்டூலில் இருந்த அவர் மனைவி. “ஊருக்கெல்லாம் ஓடுவாரு. இங்க வந்து பாருங்க, படுத்த இடத்துலேர்ந்து ரிப்பேர் பாக்கறாரு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மேடம் அவர் வாயை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டாள். தலையணையைச் சரி செய்தாள். நோயாளியின் குறிப்பு அட்டையில் இருந்ததையெல்லாம் செய்து முடித்தாள். பிறகு கால்கள் தாமாகவே பின்னால் போய்ச் சுவரைத் தொட்டன. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் வந்து நின்று போய்க்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. ஒரு இருமல் கேட்டது.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். தொண்டையில் தொடங்கி, உள்ளே எங்கோ போய் மோதி, வெளியே வர வழி தெரியாமல் தவிக்கிற இருமல். வருடக்கணக்கில் காலையும் மாலையும் கேட்ட சத்தம்.

திரும்பினாள்.

எலக்ட்ரீஷியனின் மனைவி ஒரு கையால் அவர் தாடையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். மறு கையில் தண்ணீர் பாட்டிலின் மூடி. அவர் முகம் சிவந்திருந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

மேடத்தின் கைகள் அவளுக்கு முன்னால் போய்விட்டன. தாடையிலிருந்து அந்தக் கையை எடுத்தாள். அவரை முன்பக்கம் சாய்த்துத் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். “இருமுங்க ஐயா. நல்லா இருமுங்க. வெளிய வரட்டும்.” பஞ்சால் வாயை ஒற்றினாள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

மனைவி மூடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. என்னை உள்ளேயே விடமாட்டாங்க.”

“எத்தனை தடவை குடுத்தீங்க?”

“நேத்து ஒரு மூடி. அப்புறம் இப்ப. குழாயில வயிறு நிறையுதுங்கறாங்க. நாக்கு நனைய வேணாமா? தண்ணி தண்ணின்னு கேக்கறாரு. வாயால இல்ல, கண்ணால. எனக்குப் புரியாதா?”

“தலையை ஏன் தூக்கிப் பிடிச்சீங்க?”

“இல்லன்னா ஓரமா ஒழுகிடுமே.”

இதே வார்த்தையை, இதே தொனியில், மேடமும் தன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். நிமிர்த்தினால்தான் ஒழுகாது. இப்படிப் பிடிச்சுக்கோ என்று சொல்லிக் கொடுத்தும் இருக்கிறாள்.

“சொல்லாம இருக்க முடியாதும்மா” என்றாள். “டாக்டர் அவர் நெஞ்சை உடனே பார்க்கணும். திட்டு விழுந்தா என் மேல விழட்டும். நீங்க இங்கேயே இருங்க.”

---

திட்டு விழுந்தது.

“யார் குடுத்தது?” என்றாள் சிஸ்டர்.

“தாகத்துல கொஞ்சம் தண்ணி உள்ள போயிருக்கு. நான் பக்கத்துல இருக்கிறப்பதான் நடந்தது சிஸ்டர். நான் கவனிச்சிருந்தா தடுத்திருக்கலாம்.”

“பக்கத்துல இருந்துக்கிட்டு எதைப் பாத்தீங்க? ஜன்னல் வழியா பஸ்ஸை எண்ணினீங்களா?”

“என் தப்புதான்.”

சொல்லும்போது அவளுடைய இடது கை தானாக எழுந்து நெஞ்சைத் தட்டியது. தட்டிய பிறகுதான் அது யாருடைய வழக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மாமனாருக்குப் புரையேறும்போதெல்லாம் கணவர் உள்ளே இருந்து, “மெதுவா குடுக்கக் கூடாதா?” என்று குரல் கொடுப்பார். அவள் பதில் சொல்வதற்குள் மாமனார் தன் நல்ல கையால் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். தப்பு என்னுது, நான்தான் அவசரப்பட்டேன் என்று. பேச்சு போன மனிதர், மருமகளுக்காகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் பேசினார். அவள் அதை ஒரு பழக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். நன்றி சொன்னதில்லை.

சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டிலோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்த மனைவியையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் வார்டில் இருந்தவளுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து முன்னும் பின்னும் கேட்டார். “இப்போதைக்குப் பரவாயில்லை. காய்ச்சல் வருதான்னு பார்த்துக்கிட்டே இருங்க” என்றார். வாயாடி, கேட்காமலே, காய்ச்சல் பார்க்கும் கருவியோடு வந்து நின்றாள். மேடம் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நான் பாக்கறேன்” என்றாள்.

வாயாடி ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். “சரிங்க மேடம்” என்றாள். முதல் முறையாக அந்தப் பெயரில் கேலி இல்லை.

வார்டின் மறுகோடியில் நின்ற ட்யூட்டர் சார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

---

விழுங்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்ட், மேடத்தின் தங்கைக்குத் தங்கை வயதுப் பெண். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சின்ன ஸ்பூன், ஒரு டார்ச், ஒரு மாவு டப்பா. வந்ததும் எலக்ட்ரீஷியனுக்கு நேரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தாள். காலை நடந்ததைக் கேட்டாள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். இருமச் சொன்னாள். ‘ஆ’ என்று சொல்லச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டாள்.

மாணவிகள் சுற்றி நின்றார்கள். அப்போது யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

“தலையைப் பின்னால சாய்ச்சுத் தண்ணி குடுத்தா என்ன ஆகும்?”

கேட்டது மேடம். பின்னால் நின்ற ட்யூட்டர் சார் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் சொல்றதைவிட நீங்களே செஞ்சு பாருங்களேன்” என்றாள் தெரபிஸ்ட். “எல்லாரும் கூரையைப் பாருங்க. நல்லா அண்ணாந்து. ம், அப்படித்தான். இப்ப எச்சிலை விழுங்குங்க.”

எல்லோரும் அண்ணாந்தார்கள். எலக்ட்ரீஷியனின் மனைவியும் அண்ணாந்தாள். அந்த வழியாக வந்த சிஸ்டர், “என்ன, வார்டுக்குள்ள மழை வருதா?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

“விழுங்கவே முடியல” என்றாள் வாயாடி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு.

“நமக்கே முடியல. தொண்டை இழுத்துக்குது. சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. நாம விழுங்கறப்ப மூச்சு வழியை ஒரு மூடி வந்து மூடிக்கும். இவருக்கு அந்த மூடி மெதுவாத்தான் வருது. தலையைத் தூக்கினா அது வர்றதுக்குள்ள தண்ணி ஓடிப்போய் மூச்சு வழியில இறங்கிடும். நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வர்றது அப்படித்தான். இப்ப தாடையை நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து விழுங்குங்க.”

எல்லோரும் குனிந்தார்கள். எச்சில் இறங்கியது.

“சுலபமா இருக்குல்ல? எல்லா நோயாளிக்கும் இது ஒத்துவராது. யாருக்கு எதுன்னு பரிசோதிச்சுத்தான் சொல்லணும். இவருக்கு ஒத்துவரும்போல இருக்கு. தண்ணியில இந்த மாவைக் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவந்தா ஓடாம மெதுவாப் போகும். குடுக்கறவங்க நிக்கக் கூடாது, உட்காரணும். நின்னா அவர் நிமிர்ந்து பார்ப்பாரு.”

மாணவிகள் தலையாட்டினார்கள். மேடம் மட்டும் இன்னும் குனியவில்லை.

அவள் கூரையைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். ஃபேன் கடகடத்தது. மறுபடி விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடியும். தொண்டை முறுக்கிக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது.

தாத்தா தண்ணி குடிக்கிறப்ப மட்டும் ஏம்மா அழறாரு?

அதற்குப் பதில் இப்போது அவள் தொண்டையிலேயே இருந்தது.

காலையில் மருந்தோடு, மத்தியானம் சாப்பாட்டோடு, படுக்கும் முன் ஒரு வாய். அத்தனையும் தலையை நிமிர்த்தி, தாடையைத் தாங்கி, அக்கறையாக. அவர் ஒருநாளும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியதில்லை. மருமகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். இருமினார். நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது முதலில் ஊசி குத்துமே, அப்படி ஒரு குத்தல் மட்டும் இருந்தது.

அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. காய்ச்சல் தொடங்கிய அன்று மத்தியானம் தண்ணீர் கொடுத்தவள் மகள். ‘இப்படிப் பிடிச்சுக்கோ’ என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அம்மா.

“குனியுங்க, மேடம்” என்று வாயாடி அவள் முழங்கையைத் தொட்டாள். குனிந்தாள்.

தெரபிஸ்ட் தண்ணீரில் மாவைக் கலந்து, முதல் ஸ்பூனைத் தானே கொடுத்தாள். எலக்ட்ரீஷியனின் தொண்டை மேலே ஏறி இறங்கியது. இருமல் இல்லை. அடுத்தடுத்த ஸ்பூன்களை மேடத்தைக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

எலக்ட்ரீஷியனின் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். “நான் என்ன பாவம் பண்ணிட்டேன்” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மேடம் அவள் பக்கம் திரும்பினாள்.

“நீங்க தாகம்னு புரிஞ்சுக்கிட்டீங்கம்மா. வழி மட்டும்தான் தெரியல. என் மாமனாருக்கு நானும் இப்படித்தான் குடுத்தேன். எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும். வாங்க, கையைக் குடுங்க. தெரபிஸ்ட் சரின்னு சொன்ன பிறகு நீங்க குடுக்கணும்ல, இப்பவே பாத்து வச்சுக்கோங்க.”

அந்தக் கையைப் பிடித்து, அவர் கன்னத்தின் நல்ல பக்கம் எது, ஸ்பூன் எந்த உயரத்தில் வர வேண்டும், தொண்டை ஏறி இறங்கும்வரை எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று வெறும் ஸ்பூனை வைத்துக் காட்டினாள். காட்டும்போது ஒரு இடத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது. தெரபிஸ்ட்டைக் கேட்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை.

---

கை கழுவுகிற தொட்டியருகே ட்யூட்டர் சார் வந்து நின்றார்.

“இந்த வார்டுக்கு வந்து இன்னிக்குத்தான் வாயைத் திறந்து கேட்டிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“யாருக்காகக் கேட்டீங்க?”

அவள் சோப்பு நுரையைப் பார்த்தாள். மாமனாருக்காக என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அது முழு உண்மை இல்லை என்று பட்டது.

“அந்தம்மாவுக்காக சார். அவங்க நாளைக்கு வீட்டுக்குப் போனா, அவங்கதானே குடுக்கணும்.”

“காலைல சிஸ்டர் திட்டினதை நான் குறிச்சுக்கத்தான் வேணும்” என்றார்.

“குறிச்சுக்கோங்க சார்.”

“நாளைக்கு வருவீங்களா?”

அவள் திரும்பினாள். பையை மாட்டிக்கொண்டு அடுத்த வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தெரபிஸ்ட்டைப் பார்த்து, “நாளைக்கு இவரைப் பார்க்க எப்ப வருவீங்க?” என்று கேட்டாள்.

“காலைலயே வந்துடுவேன். ஏன்?”

“நானும் பக்கத்துல இருக்கணும்.”

ட்யூட்டர் சார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தபடி நகர்ந்துவிட்டார்.

தேநீர் இடைவேளையில் பையிலிருந்து செல்போனை எடுத்தாள். மகளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

‘அம்மா, இன்னிக்கு சீக்கிரம் வா. அப்பா வர்றதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தாத்தாவைப் பத்தி.’

இத்தனை நாள் பேசாத பெண். இன்றைக்கென்று பேச வருகிறாள்.

என்ன சொல்லப் போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மாவிடம் இப்போது இருக்கிற பதிலைத்தான் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் அந்தச் சின்ன நெஞ்சு தாங்குமா? சொல்லாவிட்டால், ஏற்கெனவே ஒரு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறதே, அதை யார் இறக்கி வைப்பது?

‘வர்றேன் கண்ணு’ என்று அனுப்பினாள். கடவுளே, வார்த்தையை நீதான் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வெகு நாளாக அவள் எதையும் வேண்டியதில்லை.

---

பணி முடிகிற நேரம். வெளிச்சம் ஜன்னலில் சாய்ந்திருந்தது. எலக்ட்ரீஷியனுக்குக் காய்ச்சல் இல்லை. அவர் மனைவி முகம் கழுவி வரப் போயிருந்தாள். வாயாடியும் மற்றவர்களும் கீழே இறங்கிவிட்டார்கள்.

“இன்னும் நாலஞ்சு ஸ்பூன் குடுக்கலாம். ஒண்ணு ஒண்ணா. இருமினாலோ, குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடணும்” என்று தெரபிஸ்ட் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சிஸ்டர், “நீங்களே குடுத்துட்டுப் போங்க” என்று மேடத்திடம் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பினாள்.

மேடம் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். ஸ்டூலை இழுத்து, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தாள். மாமனாருக்கு நின்றுகொண்டேதான் கொடுத்திருக்கிறாள். அடுப்பில் எப்போதும் ஏதாவது இருந்தது.

தண்ணீரை எடுத்தாள். தேன் பதத்தில் ஸ்பூனில் மெதுவாக அசைந்தது.

“தாடையைக் கொஞ்சம் கீழ ஐயா. நெஞ்சைப் பாருங்க. ம்.”

ஸ்பூனைக் கீழிருந்து கொண்டுபோய், நல்ல பக்கத்துக் கன்னத்தில் விட்டாள். உதடு மூடியது. காத்திருந்தாள்.

தொண்டை மேலே ஏறியது. ஒரு கணம் நின்றது. இறங்கியது.

“ஆ சொல்லுங்க.”

“ஆ.” குரல் தெளிவாக இருந்தது.

அவள் அவருடைய கண்களைப் பார்த்தாள். இரண்டும் உலர்ந்திருந்தன. ஃபேனைத் தேடிப் போகவில்லை. ஸ்பூனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, இன்னும் வேண்டும் என்று.

திரைக்கு அப்பால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்து அடங்கியது.

அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.

“மெதுவா” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “மெதுவா, மாமா.”